பட்டுப்புடவைக் கடையில் ஒரு கடல் சாமந்தி

1. முதல் நாள்

எதைப் பார்த்துக்கொள்வதற்காக என்னை வேலைக்கு எடுத்தார்களோ, அது செத்துவிட்டது என்று நான் சேர்ந்த அன்று காலையிலேயே சொன்னார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கொள்முதலுக்காகப் பம்பாய் போனபோது ஓர் ஓட்டலில் கடல் மீன் தொட்டியைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் தன் கடையிலும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பட்டுப் பிரிவில், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில், சிமெண்டில் தொட்டி கட்டி முன்பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி பதித்தார்கள். தெற்கே மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ரயிலில் மீன்கள் வந்தன. அவற்றோடு ஒரு கல்லில் ஒட்டியபடி ஒரு கடல் சாமந்தியும், அதற்குள்ளேயே குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடி ஒன்றும் வந்தன.

பெயர்தான் சாமந்தி. அது பூ அல்ல, விலங்கு. அனிமோன் என்பார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, நூற்றுக்கணக்கான விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். பாடப் புத்தகத்தில் அவற்றுக்கு உணர்நீட்சிகள் என்று பெயர். கடையில் எல்லோரும் விரல் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் அனிமோனுக்குத் தேன் பழுப்பு நிறம், விரல் நுனிகள் மட்டும் ஊதா. நடுவில் ஒரு வாய். அடியில் ஒரு பாதம். அந்தப் பாதத்தால்தான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தொட்டியை அமைத்துக் கொடுத்தவர் நன்னீர் மீன் விற்பவர். உப்புத் தண்ணீர் தனக்குச் சரிப்படாது என்று நழுவிக்கொண்டார். அண்ணாச்சியின் மகள் படித்த பெண்கள் கல்லூரியில்தான் நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டுத் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். ஆய்வுக்கூடத்துக் கடல்நீர்த் தொட்டி என் பொறுப்பு. அந்தப் பதவி முடிகிற சமயத்தில் அண்ணாச்சி ஆள் கேட்டு அனுப்ப, எங்கள் பேராசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினேன்.

தொட்டிக்கு முன்னால் கடை ஊழியர்கள் கூடி நின்றார்கள். கல்லின் மேல் அனிமோன் பிழிந்துபோட்ட கைக்குட்டை மாதிரிச் சுருண்டு கிடந்தது. விரல்கள் ஒன்றுமே தெரியவில்லை. கோமாளி மீன் இரண்டும் போக்கிடம் தெரியாமல் மூலையில் ஒண்டியிருந்தன.

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, வந்த அன்னைக்கே ஒனக்கு எழவு வேலையாப் போச்சு. நாத்தம் எடுக்கதுக்கு முன்னால அதத் தூக்கிக் களஞ்சிரு. தீவாளி யாவாரம் வருது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அனிமோன் தொட்டிக்குள் செத்தால் கரைந்து தண்ணீரை விஷமாக்கிவிடும். மறுநாளைக்குள் ஒரு மீன்கூட மிஞ்சாது. ஆனால் உயிரோடு இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டால்? நான் முழங்கைவரை சோப்பில்லாமல் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன்.

முதலில் பாதம். ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. செத்தது கல்லைப் பிடித்துக்கொண்டிருக்காது. அடுத்தது விரல். சுருங்கிய மடிப்புக்குள் தட்டுப்பட்ட ஒன்றை விரல் முதுகால் தொட்டேன். பசை மாதிரி ஒட்டி இழுத்துவிட்டுப் பிறகு விட்டது. கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தேன். கடல் வாசனை மட்டும்தான். அழுகல் வாடை இல்லை. வாய்தான் சந்தேகமாக இருந்தது. இறுக்கமாக மூடியிருக்க வேண்டியது, தொளதொளவென்று லேசாகப் பிதுங்கியிருந்தது.

செத்துவிடவில்லை, ஆனால் என்ன சங்கடம் என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். கடை மூடுவதற்குள் சொல்கிறேன், அதுவரை பக்கத்திலேயே வாளியோடு உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலும் நானே எடுத்துவிடுகிறேன் என்றேன். அண்ணாச்சி என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடச் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

மத்தியானம் வாய் பிதுங்கி விரிந்தது. நான் பயந்துகொண்டுதான் பார்த்தேன். உள்ளேயிருந்து சளிக்குள் சுற்றினாற்போல் ஒரு முழு இறால் வெளியே வந்தது. தலை, ஓடு, மீசை எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு கிண்ணத்தால் அதை அள்ளி வெளியே எடுத்தேன். சற்று நேரம் கழித்து இன்னொன்று பாதி கரைந்த நிலையில் வந்தது. கூடவே பழுப்பாகக் கயிறு போன்ற கழிவு. அதையும் எடுத்தேன். வாய் மெல்ல மூடிக்கொண்டது.

விளக்கு போடும் நேரத்தில் அது தண்ணீரை உள்ளே வாங்கி உப்ப ஆரம்பித்தது. முதலில் ஓரம், பிறகு விரல்கள். கோமாளி மீன்களில் பெரியது வந்து முதுகைத் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே புகுந்துகொண்டது. அண்ணாச்சி கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று வெகு நேரம் பார்த்தார்.

"வாந்தி எடுத்துருக்கு, அப்படித்தான?" என்றார்.

அப்படித்தான் என்றேன்.

2. ஷரீப் பாய்

இறாலைப் போட்டவர் ஷரீப் பாய். பட்டுப் பிரிவின் மூத்த விற்பனையாளர், ராயப்பேட்டைக்காரர். கையில் பிள்ளைகளோடு வருகிற பெண்கள் நிதானமாகப் புடவை பார்க்க முடியாது. பிள்ளை அழும், முந்தானையைப் பிடித்து இழுக்கும். பாய் அந்தப் பிள்ளைகளைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, ஒரு முழு இறாலை அனிமோனின் நடுவில் போடுவார். அது மெதுவாக நான்கு பக்கமும் மடித்துக்கொண்டு விழுங்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அதற்குள் அம்மா புடவையைத் தேர்ந்தெடுத்துவிடுவாள். நல்ல கூட்டமுள்ள நாளில் எத்தனை தடவை போட்டார் என்று அவருக்கே தெரியாது.

இது வெறும் வியாபாரத் தந்திரம் மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடை திறந்ததும் எல்லோரும் ஊதுவத்தி ஏற்றுகிற நேரத்தில் அவர் தொட்டிக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார்.

இனி என்னைத் தவிர யாரும் தீனி போடக்கூடாது என்று நான் இரண்டாம் நாள் சொன்னேன். பாய் புடவை மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எல்லா மிருகத்தையும் வாயில்லா ஜீவன்னு சொல்லுவாங்க. இதுக்கு வாய் ஒண்ணுதாம்மா கீது. அதையும் மூடச் சொல்றியா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒரு துண்டு இறால்கூடப் போடவுமில்லை. சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட மனிதர்.

நான் வைத்துக்கொண்ட முறையை இங்கே எழுதிவிடுகிறேன், தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். வாரத்துக்கு இரண்டு தடவை போதும். இறாலோ மீனோ, தோலும் ஓடும் நீக்கிப் புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கிக் கடல்நீரில் அலசிக்கொள்ள வேண்டும். விரல்கள் நன்றாக விரிந்திருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். வாயில் திணிக்கக் கூடாது. வெளி ஓரத்து விரல்களில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பசி இருந்தால் விரல் பிடித்துக்கொண்டு அடுத்த விரலுக்குத் தள்ளும், அது அடுத்ததற்குத் தள்ளும், வாய்வரை போய்ச் சேரும். பசி இல்லையென்றால் துண்டு வழுக்கிக் கீழே விழும். விழுந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். கோமாளி மீன்களே தங்களுக்குப் போட்டதில் பாதியைக் கவ்விக்கொண்டு போய் அனிமோனுக்குக் கொடுக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ அது தண்ணீரை வெளியேற்றிச் சுருங்கும், பிறகு உப்பும். அது நோய் இல்லை, நாம் மூச்சு விடுகிற மாதிரி. சுருங்கியதைப் பார்த்துப் பயந்து தீனி போடுவதால்தான் பாதி அனிமோன்கள் சாகின்றன.

3. ஊரூர்க் குப்பத்துத் தண்ணீர்

தொட்டிக்குக் கடல்நீர் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்தது. அஞ்சலை என்ற மீன்காரியும் அவள் கணவனும் கொடுத்தார்கள். கணவன் கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போய்த் தெளிந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பிக் கொண்டுவருவான். கடை வண்டி போய் ஏற்றிக்கொண்டு வரும். இறாலும் அஞ்சலையிடமிருந்துதான்.

ஐப்பசி மழை பிடித்தவுடன் சிக்கல் வந்தது. அடையாற்று முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து மழைத்தண்ணீர் கடலில் கலந்துவிட்டது. நான் குப்பத்துக்குப் போய் நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல் காப்பி நிறத்தில் இருந்தது.

"தண்ணி கலங்கிக்கினு கீது கண்ணு. இப்ப எட்த்துனு போனா உம் பூவு செத்துப்பூடும்," என்றாள் அஞ்சலை. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தேன், உப்பு மிகவும் குறைந்திருந்தது. இருவர் கணக்கும் ஒத்துப்போனது. மழை விடும்வரை புதுத் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருப்பிலிருந்த பழைய கடல்நீரை மணலில் வடிகட்டி மறுபடி மறுபடி பயன்படுத்தினேன். தீனியைப் பாதியாகக் குறைத்தேன். தீனி குறைந்தால் அழுக்கு குறையும். மின்சாரம் போகும்போதெல்லாம் ஏர் பம்ப் நின்றுவிடும். அப்போது தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று ஆளுக்கொரு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். அந்த வேலைக்குப் பாய் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார். பேச மாட்டார், ஊற்றிவிட்டுப் போவார்.

மழைக்காலத்தைத் தாண்டிவிட்டோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

4. வெள்ளை

மார்கழியில் அனிமோனின் நிறம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் நான் விளக்கின் கோளாறு என்று நினைத்தேன். டியூப் லைட்டை மாற்றினேன். பொங்கல் நெருங்கும்போது தேன் பழுப்பு முழுவதும் போய்ப் பால் வெள்ளையாகிவிட்டது. நுனியில் ஊதா மட்டும் மிஞ்சியது.

பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் வினை. வெள்ளை உடம்பில் ஊதா நுனி. வந்தவர்கள் எல்லோரும் மயங்கி நின்றார்கள். மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு மாமி கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு, "மல்லிப்பூவைக் கொட்டி வெச்சாப்ல இருக்கு. எங்காத்துல பொண்ணு கல்யாணம் வர்றது, இதே கலர்ல ஒரு புடவை எடுத்துக் காமியுங்கோ," என்றார். அண்ணாச்சி அந்த நிமிடமே மனதில் குறித்துக்கொண்டார். காஞ்சிபுரத்துக்கு ஆள் போயிற்று. வெள்ளை உடம்பு, ஊதாக் கரை, ஊதா முந்தி. கடல்பூச் சேலை என்று பெயர் வைத்தார்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே விரித்துத் தொங்கவிட்டார்கள். வந்த சரக்கு தங்கவில்லை.

நான் தினமும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாதம் கல்லை விடவில்லை. வாய் மூடியிருந்தது. கொடுத்த தீனியை மறுக்காமல் எடுத்துக்கொண்டது. நோய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணாடியில் நான் மெழுகுப் பென்சிலால் வைத்திருந்த அடையாளத்துக்குள் அது சிறுத்துக்கொண்டே வந்தது. விரல்கள் குட்டையாகின. தொட்டால் ஒட்டும் பசை குறைந்திருந்தது.

பல மாதம் கழித்து ஷரீப் பாய் வாய் திறந்தார். "நீ பட்னி போட்டுட்டேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். அவரையே பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, சில வாரங்கள் தீனியைக் கூட்டிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டது, செரித்தது, கழிவு வந்தது. ஆனாலும் சிறுத்தது.

பழைய கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் எடுத்து நீட்டிய புத்தகத்தில் விஷயம் இருந்தது. அந்தப் பழுப்பு அனிமோனின் சொந்த நிறம் இல்லை. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்குப் பெரும் பங்கைக் கொடுத்துவிடும். வெளிச்சம் இல்லையென்றால் பாசி வெளியேறிவிடும், வீட்டுக்காரர் வெளுத்துப் பட்டினி கிடப்பார். மண்டபத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் உச்சி வெயிலில் வாழ்ந்த பிராணியை நாங்கள் டியூப் லைட்டின் கீழ் வைத்திருந்தோம். இறாலால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியவில்லை.

வெயிலுக்குக் கொண்டுபோனால் பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது, இங்கே யாரும் வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை, நீ முயற்சி செய்து எனக்கும் வந்து சொல் என்றார் அவர்.

5. கேட்டது

மாடியில் குழந்தைகள் துணிப் பிரிவில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. காலையில் நல்ல வெயில் விழும். அங்கே ஒரு சின்னத் தொட்டி வைத்து அனிமோனையும் கோமாளி மீன்களையும் மாற்ற வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

கீழே வேறு மீன்கள் இருக்கும், ஆனால் எல்லோரும் பார்க்க வருவது இதைத்தானே என்றார். ஆமாம் என்றேன். மாடிக்குப் போனால் வெள்ளை நிறம் இருக்குமா என்று கேட்டார். இருக்காது, பிழைத்தால் பழுப்பாகும் என்றேன்.

"நல்லா மல்லியப்பூ மாரி இருக்கத, செங்காமட்டையாக்கணும்னு சொல்லுத. அந்த நெறத்தக் காட்டித்தான சேலையே விக்கேன்."

வெள்ளை நிறம் அதன் அழகு இல்லை அண்ணாச்சி, ரத்தம் இல்லாத உடம்பு மாதிரி என்றேன். எத்தனை நாள் தாங்கும் என்றார். சித்திரை வெயில் வரும்போது தண்ணீர் சூடாகும், அந்தச் சூட்டை இந்த உடம்பு தாங்காது என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். மாடிக்குப் போனாலும் பிழைக்கும் என்று உறுதி கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மாற்றுகிறபோதே பாதம் கிழிந்து சாகலாம்.

அண்ணாச்சி ஷரீப் பாயைக் கூப்பிட்டார். கடல்பூச் சேலையை அதிகம் விற்றவர் அவர்தான். விற்பனையில் அவருக்குப் பங்கும் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது கடை முழுக்கத் தெரியும். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். பாய் தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"நான் இவங்களத்தான் தப்பு சொல்லிக்கினு இருந்தேன் அண்ணாச்சி. அப்புறம் கூடவே நின்னு பாத்தேன். போட்டதெல்லாம் துண்ணுது. துண்ணும் எளச்சுக்கினே போவுது. அப்டின்னா அதுக்கு வேற இன்னாவோ வேணும். வெயில்னு சொல்றாங்க. வெயிலுக்கு இன்னா காசா குடுக்கப்போறோம்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கே செய்துவிடு என்றார்.

6. ஏற்றியது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். மாடித் தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் நிரப்பிச் சில நாள் ஓடவிட்டிருந்தேன். கீழே பார்த்தால் அனிமோனின் பாதம் பாதி கல்லிலும் பாதி சிமெண்டுச் சுவரிலும் ஒட்டியிருந்தது. கல்லை மட்டும் தூக்கினால் நடுவில் கிழிந்துவிடும். பாதம் கிழிந்த அனிமோன் பிழைப்பது அபூர்வம்.

சுவர்ப் பக்கத்து ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மயிரிழை அளவுக்கு விலக்கினேன். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இறுக்கம் தளர்ந்ததும் மறுபடி கொஞ்சம். பாய் ஒரு ரப்பர் குழாயால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார், அந்தத் தொந்தரவு பிடிக்காமல் அதுவே விடட்டும் என்று. காலையில் தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அண்ணாச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்து ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இனி வலிந்து இழுத்துவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. "உடும்மா, அதுவே வரும்," என்றார் பாய்.

வந்தது. கடைசி ஓரம் தானாகச் சுருண்டு கல்லின் பக்கம் மடங்கிக்கொண்டது. தண்ணீருக்குள்ளேயே வாளியைச் சாய்த்துக் கல்லோடு உள்ளே வாங்கினேன். கோமாளி மீன்கள் துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கூடவே வாளிக்குள் வந்துவிட்டன. படிக்கட்டில் பாய் முன்னால் பின்புறமாக ஏற, நான் பின்னால் ஏற, ஒரு சொட்டு சிந்தாமல் மாடிக்குக் கொண்டுபோனோம்.

7. ஜன்னல்

இருட்டில் கிடந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தாலும் வெந்துவிடும். அண்ணாச்சியிடம் வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணி கேட்டேன். மீந்துபோன துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்கைந்து மடிப்பாக ஜன்னலில் கட்டினேன். அனிமோன் சுருங்கவில்லை என்று நிச்சயமான பிறகே ஒவ்வொரு மடிப்பாகக் கழற்றினேன். தண்ணீர் சூடாகாமலிருக்க மேசை விசிறியைத் தொட்டியின் மேல்பரப்பில் படும்படி திருப்பி வைத்தேன்.

மாசி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கீழே வாடிக்கையாளர்கள் பூ எங்கே என்று கேட்டார்கள். மாடியில் இருக்கிறது என்று சொன்னால் சிலர் ஏறினார்கள், பலர் ஏறவில்லை. கடல்பூச் சேலை விற்பனை குறைந்தது. அண்ணாச்சி நாளுக்கு ஒரு தடவை மாடிக்கு வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு இறங்கினார்.

பங்குனியில் ஒரு காலை, வாயைச் சுற்றி லேசாக அழுக்குப் படிந்த மாதிரித் தெரிந்தது. துடைக்கப் போனேன். அழுக்கு இல்லை. வெயில் விழும் பக்கத்து விரல்களின் அடியில் அதே பழுப்புச் சாயல். நான் ஷரீப் பாயைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், மறுபடி அனிமோனைப் பார்த்தார். கீழே போய் அண்ணாச்சியை அழைத்துவந்தார்.

சித்திரைக்குள் பழுப்பு முழுவதும் திரும்பிவிட்டது. விரல்கள் நீண்டன. பழைய அடையாளத்தைத் தாண்டி உடம்பு விரிந்தது. தீனியைக் கூட்டவே இல்லை, அதே வாரம் இரண்டு தடவைதான். மயிலாப்பூர் மாமி ஒருநாள் மாடிக்கு வந்து, "ஏன் இப்படிக் கறுத்துப் போயிடுத்து?" என்று வருத்தப்பட்டார். இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது மாமி என்றேன். அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவில் கோமாளி மீன்கள் அனிமோனின் பாதத்தை ஒட்டிக் கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டன. ஆரஞ்சு நிறத்தில், கேழ்வரகைப் பரப்பிய மாதிரி. ஆண் மீன் இரவு பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நின்றது. சில நாளில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகள் பொரிந்தன. அவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவ்வளவு பொடிசான வாய்க்கு என்ன கொடுப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஜோடி திரும்பத் திரும்ப முட்டையிட்டது. பேராசிரியை மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஜவுளிக்கடை மாடிக்கு வந்து பார்த்தார். குழந்தைகள் துணிப் பிரிவில் அன்றைக்கு நிற்க இடமில்லை.

8. கிண்ணம்

அதன்பிறகு தீனி போடும் வேலையை நான் ஷரீப் பாயிடம் கொடுத்துவிட்டேன். அவரே நறுக்குவார், அவரே அலசுவார். திங்கள், வெள்ளி.

ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி மிகவும் மதிக்கிற ஒரு பெரிய வீட்டு அம்மாள் பேரப்பிள்ளைகளோடு வந்தார். தீனி போடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சியே கூட வந்து நின்றார். பாய் கிண்ணத்தோடு வந்து, தொட்டியின் முன்னால் குனிந்து பார்த்தார். அனிமோன் சுருங்கிக் கழிவை வெளியேற்றிக்கொண்டிருந்தது. வாய் இன்னும் மூடவில்லை.

"இன்னிக்கு அதுக்குப் பசி இல்லம்மா. திங்கக்கெழம வாங்க," என்றார்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பாயைக் கைகாட்டினேன். பாய் பார்த்ததையேதான் நானும் பார்த்தேன். அண்ணாச்சி அந்த அம்மாளிடம் திரும்பி, "பாய் சொன்னா சரியா இருக்கும்மா," என்றார். அவர்கள் திங்கட்கிழமை வந்தார்கள். அன்றைக்கு அது நன்றாகச் சாப்பிட்டது.

நான் அந்தக் கடையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு ஓய்வு பெறும்வரை மீன் காட்சியகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை பார்த்தேன். இப்போதும் யாராவது தொட்டி வைக்கிறோம், வந்து யோசனை சொல்லுங்கள் என்று கூப்பிடுகிறார்கள். தண்ணீர், வெளிச்சம், பாதம், வாய், விரல், நிறம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பேன். கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: இங்கே யாருக்கும் தெரியாமல் இதற்கு அதிகமாகத் தீனி போடுகிறவர் யார்? எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆபீஸ் பியூனாக இருக்கலாம், வீட்டுத் தாத்தாவாக இருக்கலாம், மேனேஜராகவே இருக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டு அவரைக் கைகாட்டுவார்கள். அவரைத் திட்டி விலக்கிவிடாதீர்கள் என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு, அவரை உட்காரச் சொல்வேன்.